ஏழை வீட்டுப் பானையில் என்ன வெந்தது?
இடைக்கால இங்கிலாந்தின் கிராமத்துச் சாப்பாட்டை ஆராயப் புகுபவர்களுக்கு

செய்ய வேண்டியவை

• காலத்தையும் ஊரையும் முதலில் சுருக்கிக்கொள்ளுங்கள். இடைக்காலம் என்பது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. 1315-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் தவித்தவரின் சாப்பாடும், 1348-இல் வந்த கொள்ளைநோய்க்குப் பின் கூலி உயர்ந்த காலத்தவரின் சாப்பாடும் ஒன்றல்ல.

• அபராதக் கணக்கைப் படியுங்கள். ஏழைகள் தங்களைப் பற்றி எழுதி வைக்கவில்லை. பண்ணையார் நீதிமன்றச் சுருள்களில்தான் அவர்கள் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் ரொட்டிக்கும் ஏலுக்கும் (பார்லியை முளைகட்டிக் காய்ச்சும் மது) அரச சட்டம் வந்தது. அதன்படி ரொட்டியின் விலை மாறாது. தானியம் விலையேறினால் ரொட்டிதான் சிறுக்கும். கொள்ளைநோய்க்கு முன் கிராமங்களில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தச் சட்டத்தை மீறியதாக ஒரே பெண் வருடம் தவறாமல் அபராதம் கட்டியிருந்தால் அவளை மோசக்காரி என்று எண்ணிவிடாதீர்கள். பல ஊர்களில் அது உரிமக் கட்டணம் போலத்தான் வசூலானது. மனைவி காய்ச்சியதற்குக் கணவன் பெயரை எழுதிய எழுத்தர்களும் உண்டு. அந்தப் பதிவுக்குப் பின்னால் இருக்கும் பெண்ணைத் தேடிப் பிடிப்பதைவிட முக்கியமான வேலை இந்த ஆய்வில் இல்லை என்பேன்.

• உடைந்த பானையையும் விடாதீர்கள். நார்தாம்ப்டன்ஷயரின் வெஸ்ட் காட்டன் என்ற கைவிடப்பட்ட ஊரில் கிடைத்த ஓடுகளில் ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்தார்கள். ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ முட்டைகோஸ் போன்ற கீரைகளோடு வெந்ததும், பால் பண்டங்கள் புழங்கியதும் தெரியவந்தன.

செய்யக்கூடாதவை

• மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் அரண்மனைச் சமையல் குறிப்புகளை வைத்துக் குடியானவர் அடுப்பை எழுதாதீர்கள்.

• கெட்ட இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே மிளகு போட்டார்கள் என்ற கதையை நம்பாதீர்கள். மலபார் மிளகு கடல்களைத் தாண்டி, பல வணிகர் கைமாறி அங்கே போய்ச் சேர்ந்தது. அதை வாங்க முடிந்தவருக்கு நல்ல இறைச்சி வாங்கவா காசில்லாமல் போகும்?

• தண்ணீரே குடிக்கவில்லை என்றும் எழுதாதீர்கள். லண்டனுக்குள் குழாய் வழியே நல்ல தண்ணீர் கொண்டுவரும் வேலை 1245-இல் தொடங்கியது.

• உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம். எல்லாம் 1492-க்குப் பிறகு வந்தவை.

• ஆண்டை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அங்கே அப்போது மார்ச் 25-இல்தான் புத்தாண்டு. ஓர் ஆவணம் அந்தக் கணக்கில் 1320 பிப்ரவரி என்று சொன்னால், நமக்கு அது 1321.