டேட்டாவைக் கொடுத்தது யார்?

லேப் ரெக்கார்டுல தினமும் எழுதுற 'டேட்டா' ஒரு லத்தீன் வினைச்சொல்லில் இருந்து வந்தது.

தோ – கொடுக்கிறேன்
தரே – கொடுப்பது
தெதி – கொடுத்தேன்
தத்தும் – கொடுக்கப்பட்டது. இதன் பன்மைதான் தத்தா, அதாவது டேட்டா.

'தரே'ன்னதும் நம்ம 'தருதல்' ஞாபகம் வருதா? ஒலிதான் ஒத்துப்போகுது, உறவு இல்லை. அதற்குச் சொந்தம் சமஸ்கிருத 'தானம்'. ஆட் (சேர்த்துக் கொடு), எடிட் (வெளியே கொடு) எல்லாம் இதே குடும்பம்.

வாங்குறவரைக் காட்டும் லத்தீன் வேற்றுமைக்கு 'டேட்டிவ்' என்று பெயர் வந்ததும் இந்த வினையால்தான். தமிழில் அது நான்காம் வேற்றுமை, 'கு'. 'தங்கச்சிக்குக் கொடுத்தேன்': இரண்டு மொழியும் ஒண்ணுதான். ஆனா 'கன்னிவாடிக்குப் போறேன்'னும் நாம அதே 'கு'வைப் போடுவோம். லத்தீன் உரைநடையில் ஊர்ப்பெயருக்கு அங்கே இரண்டாம் வேற்றுமை வரும்.

கேட்பதிலும் வித்தியாசம் உண்டு. தாழ்ந்தவர் கேட்டால் 'ஈ', சமமானவர் 'தா', உயர்ந்தவர் 'கொடு' என்கிறது தொல்காப்பியம். 'தரே'யில் அந்தப் பாகுபாடு கிடையாது.

ஆக, டேட்டான்னா 'கொடுக்கப்பட்டவை'. ப்ராஜெக்ட்டுக்கு டேட்டாசெட் டவுன்லோட் பண்ணும்போது கேளுங்க: கொடுத்தது யார்? எப்படி அளந்தாங்க? பதில் தெரியாம அதை வச்சு கிராஃப் போட்டா, வைவாவுல மாட்டுறது நாமதான்.