வீட்டு வாழை, வீட்டு வெஞ்சனம்: வாழைப்பூவை வீணாக்காதீங்க!



இந்த மாதப் பாடம் நம்ம வீட்டுக் கொல்லையில் நிற்கும் வாழையைப் பற்றியது. திருத்தங்கலைச் சுற்றி இருக்கிற ஊர்கள் கரிசல் பூமி, மழை குறைவு. ஆனாலும் பாத்திரம் கழுவுற தண்ணீர் போகிற இடத்தில் ஒரு வாழை நிற்கிறதைப் பல வீடுகளில் பார்க்கலாம். இலையைச் சாமிக்கும் விருந்துக்கும் வெட்டுகிறோம், தாரை வெட்டுகிறோம். பூவை மட்டும் "யார் உட்கார்ந்து ஆய்றது?" என்று ஆட்டுக்குப் போட்டு விடுகிறோம்.

ஏன் இந்தப் பாடம்?

2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது பாதிக்கு மேல். 16 பேர் உள்ள ஒரு குழுக் கூட்டத்தில் நம்மைச் சுற்றிப் பார்த்தால் எட்டுப் பேருக்காவது இருக்கலாம் என்று அர்த்தம். காலையில் எழுந்து சமைத்து, பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்று ஓடி, சாயங்காலம் வந்து மறுபடி அடுப்படிக்குப் போகிறோம். மூச்சு வாங்குது, தலை சுத்துது என்றால் "வேலை அலுப்பு" என்று விட்டு விடுகிறோம். அது அலுப்பாகவும் இருக்கலாம், இரத்தக் குறைவாகவும் இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும்.

பூவை எப்போது ஒடிப்பது?

வாழை ரகத்தைப் பொறுத்து, நட்ட 7 முதல் 9 மாதத்தில் குலை தள்ளும். மடல் ஒவ்வொன்றாக விரிந்து சீப்பு வெளியே வரும். கடைசிச் சீப்பு வந்த பிறகு விரிகிற மடல்களில் காய் பிடிக்காது, பூ உதிர்ந்து விடும். அப்போது கடைசிச் சீப்புக்குக் கீழே ஒரு சாண் காம்பு விட்டு பூவை ஒடித்து விடலாம். இதனால் தாருக்கு நஷ்டம் இல்லை. பூவுக்குப் போகிற சத்தும் காய்க்கே போவதால் காய் நன்றாகத் திரளும்.

தாய் மரத்தைச் சுற்றி வருகிற கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்து விடுங்கள். எடுத்த கன்றைப் பக்கத்து வீட்டு உறுப்பினருக்குக் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: பட்டாசு வேலைக்குப் போட்டுப் போன துணியை அலசின தண்ணீரை வாழைக்கு விட வேண்டாம். அதில் மருந்து இருக்கும்.

ஆய்வது எப்படி?

"மேடம், காலையில ஏழு மணிக்கு வண்டி வந்துரும், இதுக்கு எங்க நேரம்?" என்று கேட்பீர்கள். முதல் நாள் ராத்திரியே ஆய்ந்து வைக்கலாம். சீரியல் பார்க்கும்போது வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் முடியும். வீட்டு ஆண்களும் ஆயலாம், தப்பில்லை!

1. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்து வேலை செய்கிறவர்கள் நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும்.
2. கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக் கொண்டால் கறை பிடிக்காது.
3. ஒவ்வொரு பூவிலும் தீக்குச்சி மாதிரி தலை உருண்ட நரம்பு ஒன்று இருக்கும். அதுதான் கள்ளன். கீழே கண்ணாடி போல ஒரு சின்னச் செதிலும் இருக்கும். இரண்டும் வேகாது, எடுத்து விடுங்கள்.
4. உள்ளே போகப் போக வரும் வெள்ளைக் குருத்தில் எதையும் எடுக்க வேண்டாம், அப்படியே நறுக்கலாம்.
5. நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். கறுக்காது, துவர்ப்பும் குறையும்.

வாழைப்பூ முருங்கைக்கீரைத் துவட்டல் (4 பேருக்கு)

தேவையானவை: வாழைப்பூ 1, முருங்கைக்கீரை 2 கைப்பிடி, துவரம்பருப்பு அரை டம்ளர் (ரேஷன் பருப்பே போதும்), சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், மிளகாய் வத்தல் 3, தேங்காய்த் துருவல் 2 கரண்டி, எலுமிச்சம்பழம் அரை மூடி, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய்.

செய்முறை: பருப்பைக் குழையாமல் மலர வேக வைத்து வடித்துக் கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகு, சீரகம், வத்தல் தாளித்து வெங்காயம், பூண்டை வதக்குங்கள். பூவைப் பிழிந்து போட்டு, மஞ்சள், உப்புச் சேர்த்து, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வேக விடுங்கள். முக்கால் வேக்காட்டில் கீரையைச் சேர்த்து, வெந்ததும் பருப்பும் தேங்காயும் போட்டுக் கிளறி இறக்குங்கள். இறக்கின பிறகு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இந்தச் சாறு உதவும். அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் சூட்டில் அந்தச் சத்து குறைந்து போகும். சாப்பிட்டவுடன் டீ குடிப்பது இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிங்க.

பிள்ளைகள் சாப்பிடவில்லையா? ஊற வைத்த கடலைப்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, பொடியாக நறுக்கின பூவைச் சேர்த்து வடை தட்டுங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

மாத்திரையை நிறுத்தாதீங்க

"வாழைப்பூ சாப்பிட்டா இரத்தம் ஊறிடும், மாத்திரை வேண்டாம்" என்று சொல்வதைக் கேட்கிறோம். இது ஆபத்து. வாழைப்பூ நல்ல உணவு, ஆனால் மருந்து இல்லை. இரத்தசோகை வந்தபின் அதை வாழைப்பூ மட்டும் சரி செய்யாது. கர்ப்பிணிகள் நான்காம் மாதத்திலிருந்து 180 நாளாவது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரையால் மலச்சிக்கல் வருகிறது என்று பலர் பாதியில் விடுகிறார்கள். அவர்களுக்கு வாழைப்பூவில் உள்ள நார்ச்சத்து உதவும். மாத்திரையும் வேண்டும், பூவும் வேண்டும்.

பெரும்பாட்டுக்கு வாழைப்பூவைத் தயிரோடு கொடுப்பது பெரியவர்கள் வழக்கம். உணவாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஏழு நாளுக்கு மேல் போனாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

குழுவாக என்ன செய்யலாம்?

15 உறுப்பினர் வீட்டில் ஆளுக்கு 2 வாழை நின்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 30 பூ. வீட்டுக்கு 2 பூ என்றால் அது பேருக்குத்தான். குழுவில் உள்கடன் கொடுக்கும்போது யாருக்கு அவசரமோ அவருக்குத்தானே முதலில் கொடுக்கிறோம்? பூவையும் அப்படிக் கொடுப்போம். கர்ப்பிணி, பிள்ளை பெற்றவர், இரத்தம் குறைந்தவர் என்று மூன்று பேர் இருந்தால் ஆளுக்கு 10 பூ கிடைக்கும். இதற்கு வட்டியும் கிடையாது, தவணையும் கிடையாது!

கொடுக்கிற பூவை அந்தச் சகோதரியே சாப்பிட வேண்டும். எல்லாருக்கும் பரிமாறி, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சமைத்ததும் தன் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பரிமாறுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் வாழை இருக்கிறது? யாருக்குக் கன்று வேண்டும்?
2. கடந்த ஆறு மாதத்தில் இரத்த அளவு பார்த்தவர்கள் எத்தனை பேர்? (12க்குக் குறைந்தால் இரத்தசோகை. கர்ப்பிணிகளுக்கு 11.) பார்க்காதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்த நாளில் சேர்ந்து போகலாம்?
3. முதல் பூ யாருக்கு?

மூன்றுக்கும் முடிவு எடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.