புதிய காய்ச்சலும் எங்கள் லயமும்

இன்புளுவென்சா வைரஸ் அடிக்கடி உருமாறும். முற்றிலும் புதிய வடிவில் வந்தால் நம் உடலுக்கு அதை எதிர்க்கும் பழக்கமிராது. 1918 இல் அத்தகைய காய்ச்சல் இலங்கையிலும் பல உயிர்களைப் பறித்தது. 2009 இல் எச்1என்1 உலகெங்கும் பரவியது.

நோயாளியைத் தனி அறையில் வைக்கவேண்டும் என்கிறார்கள். இரத்தினபுரித் தோட்டமொன்றின் லயத்தில், ஒரே அறையில் வாழும் நாங்கள் என்ன செய்வது? அவரை ஜன்னலோரம் படுக்கவைத்து ஜன்னலைத் திறந்துவிடலாம். மற்றவர்கள் அவரது கால்மாட்டில் தலைவைத்துப் படுக்கலாம். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோரை அருகே விடாதிருக்கலாம். இருமும்போது வாயை மூடி, சவர்க்காரமிட்டுக் கைகழுவலாம்.

பெரிய தடை நாட்சம்பளமே. அரைப்பேராவது விழட்டுமென்று காய்ச்சலோடு மலைக்குப் போகிறார்கள்; கொழுந்து நிறுக்குமிடத்தில் நோய் பலருக்கும் தொற்றுகிறது. ஆகவே, காய்ச்சல் வருமுன்பே அயல்வீட்டாரோடு பேசிவைப்போம்: ஒரு வீட்டார் படுத்தால் மற்றவர்கள் அரிசியும் கஞ்சியும் வாசலில் வைக்கட்டும்.

பெற்றோரே, எங்கள் மாவட்டத்தில் டெங்கும் எலிக்காய்ச்சலும் இதேபோலத்தான் தொடங்கும். அளவறிந்து பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள், அஸ்பிரின் வேண்டாம். இரண்டு நாள் காய்ச்சல் நீடித்தால் இரத்தம் பரிசோதியுங்கள். மூச்சுத்திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒருநாள் சம்பளத்தைப் பிறகும் உழைக்கலாம்.