ஔடத தானமும் அதனைத் திரட்டும் தொழிலும்

நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என விரல் மடக்கி எண்ணிக் கற்றவர்கள் நாம். இரத்தினகரண்ட சிராவகாசாரம் ஔடத தானத்துக்கு எடுத்துக்காட்டாக விருஷபசேனையைக் காட்டுகிறது. மருந்தின் பெயரையே நூலுக்குச் சூட்டிய சிறுபஞ்சமூலமும் ஏலாதியும் சமணச் சான்றோர் இயற்றியவை. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களும் கைக்கெட்டும் தொலைவில் கிடைத்த காலம் அது. இன்றோ ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் விலை கோடிகளில் சொல்லப்படுகிறது. தனியோர் இல்லறத்தான் தன் வருவாயிலிருந்து எடுத்து வைக்கும் ஆயிரம் ரூபாய், முன்பின் அறியாத ஒரு நோயாளியின் படுக்கையைச் சென்றடைய, இடையில் நின்று கேட்பவரும், பெறுபவரும், கணக்கு எழுதுபவரும், கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்பவரும் வேண்டும்.

இப்பணியையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமா என்று, அண்மையில் பட்டம் பெற்ற நம் சமூகத்துப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள். உடன் வந்திருந்த அவள் தந்தையார், "பிறரிடம் கையேந்தவா ஐயா இவளைப் படிக்க வைத்தேன்?" என்றார். அவர் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வேலை தேடிச் சென்னைக்கு வந்து, மாம்பலத்தில் வாடகை வீட்டில் இருந்து, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் கேள்வியில் இருந்த வருத்தம் நியாயமானதே. இருவருக்கும் அன்று சொன்னதையும், பின்னர் நினைவுக்கு வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கையேந்தியவர் யார் என்று முதலில் பார்ப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பின்னர் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவராகவும் விளங்கியவர். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்காலத்தில் அந்நோய் என்றால் மரணம் என்றே பொருள். அதற்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்பதே படித்தவர் பலரின் எண்ணமாகவும் இருந்தது. அம்மையார் அந்த எண்ணத்தோடு போராடியது ஓராண்டு ஈராண்டு அன்று. அடையாற்றில் 1917இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. தங்கையை இழந்ததற்கும் அத்திறப்பு நாளுக்கும் இடையில் முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன. பட்டமும் பதவியும் புகழும் பெற்ற அவர் கேட்டது தமக்காக அன்று. ஆகவே கேட்பதில் அவருக்குக் கூச்சமும் இருந்திருக்க நியாயமில்லை.

அவருடைய மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அச்சிறு மருத்துவமனையைப் பெருநிலையமாக வளர்த்தனர். சாந்தா அம்மையார் முதலில் ஊதியமின்றியே பணி செய்தார். பின்னர் அவருக்கு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் தரப்பட்டன. 2005இல் மகசேசே விருது பெற்ற அவர், 2021இல் மறையும் வரை அவ்வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்தார். நன்கொடை கேட்கும் கலையைக் கற்க விரும்புவோர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். கேட்பவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதைக் கொடுப்பவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அழகிய தாளில் அச்சிட்ட எந்த வேண்டுகோளும் அதற்கு ஈடாகாது.

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இத்தகைய முயற்சிகள் பல நடந்துள்ளன. வி. கிருஷ்ணசாமி அய்யர் 1905இல் மயிலையில் வேங்கடரமண ஆயுர்வேத வைத்தியசாலையை நிறுவினார். இராமகிருஷ்ண மடத்தின் தரும வைத்தியசாலை 1925இல் தோன்றியது. மேற்கு மாம்பலத்துப் பொதுச் சுகாதார மையம் 1953இல் எழுந்தது. ஆயினும் நிதி திரட்டும் முறையில் புதுவழி கண்டவர் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி என்பேன். 1958இல் அவர் தொடங்கிய தன்னார்வ சுகாதாரச் சேவை நிறுவனத்தில், குடும்பங்கள் தத்தம் வருவாய்க்கு ஏற்ப ஆண்டுச் சந்தா செலுத்தி உறுப்பினராகும் மருத்துவ உதவித் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. வசதியுள்ளவர் கூடுதலாகவும், இல்லாதவர் மிகக் குறைவாகவும் செலுத்துவர். ஏழையும் ஏதேனும் செலுத்தியவராகவே மருத்துவரின் முன் அமர்ந்தார். இரந்து பெறுகிறோம் என்னும் எண்ணம் அவருக்கு எழாதபடி செய்ததே அத்திட்டத்தின் நுட்பம்.

1978இல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயம் மற்றொரு வழியைக் காட்டியது. கடல் கடந்து வாழும் நம்மவரை இணைக்க 1988இல் அமெரிக்காவில் அதற்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. அங்குள்ள விழித்திரைப் பிரிவு ஸ்ரீ பகவான் மகாவீர் பெயரைத் தாங்கி நிற்பதை நம் வாசகர் பலர் கண்டிருப்பர். சட்ட அறிஞர் நானி பல்கிவாலா அம்மருத்துவமனைக்கு 2 கோடி ரூபாயை ஆரவாரம் ஏதுமின்றி அளித்த செய்தியும் பலர் அறிந்ததே. அதனைச் சொல்லும்போது, நம் சங்கக் கூட்டங்களில் ஐந்நூறு ரூபாய்க்கு இருமுறை பெயர் வாசிக்கச் சொல்லும் வழக்கமும் எனக்கு நினைவு வருகிறது, அது நிற்க.

இத்தொழிலின் கடினமான இடத்தை நான் என் அனுபவத்தால் அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் கூடி, ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று வாங்கித் தரப் பணம் திரட்டினோம். நான் வீடு வீடாகச் சென்றேன். பணமும் சேர்ந்தது, இயந்திரமும் வந்தது, பெயர்ப்பலகையும் பதித்தாயிற்று. நான்கு திங்கள் கழித்துச் சென்று பார்த்தபோது இயந்திரம் உறை போர்த்தியபடியே கிடந்தது. அச்சிகிச்சைக்கு மிகத் தூய நீர் வேண்டும். அதற்கான நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இயக்கத் தெரிந்த பணியாளருக்கு ஊதியமும் ஒதுக்கப்படவில்லை. குற்றம் மருத்துவமனையுடையது மட்டுமன்று. கேட்கச் சென்ற நானும் இயந்திரத்தின் விலையைத்தான் கேட்டேனே தவிர, அது ஓடுவதற்கு ஆண்டுதோறும் என்ன செலவாகும் என்று வினவவில்லை. நூறு ரூபாய் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "யாருக்காவது உதவிற்றா?" என்று தெருவில் நிறுத்திக் கேட்டார். அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை.

கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுப்போர் மிகுதி. மின்கட்டணத்துக்கும், செவிலியர் ஊதியத்துக்கும், பஞ்சுக்கும் கொடுப்போர் அரியர். இதனைக் கொடுப்பவருக்கு எடுத்துரைத்து, மூலதன நிதி ஒன்றை நிறுவச் செய்து, அதன் வட்டியால் அன்றாடச் செலவு நடக்குமாறு பார்ப்பவரே நல்ல நிதி அலுவலர். கொடை இந்தச் செலவுக்கு என்று சொல்லிப் பெற்றபின் அதனை வேறொன்றுக்கு மாற்றுவது, நல்ல நோக்கத்தோடு செய்யினும், நம் அணுவிரதங்களுள் சத்தியத்துக்கும் அசௌரியத்துக்கும் ஒவ்வாது. திரட்டிய தொகையில் இத்தனை விழுக்காடு உனக்கு என்று கூறும் வேலையையும் ஏற்கலாகாது. அமெரிக்க நாட்டு நன்கொடை திரட்டுவோர் சங்கத்தின் ஒழுக்க விதிகளே அதனை விலக்குகின்றன. மாத ஊதியம் பெறுவது இழுக்கன்று. தரகு பெறுவோர்க்கு நோயாளியை மறந்து பணப்பையை மட்டும் நோக்கும் மனம் வந்துவிடும்.

இனிக் கல்வி பற்றிச் சில சொற்கள். சமூகப்பணி முதுகலைப் படிப்பு இதற்கு நல்ல வாயில். மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியால் 1952இல் தோன்றிய சென்னைச் சமூகப்பணிக் கல்லூரி எழும்பூரில் உள்ளது. வணிகவியல் படித்தவர்க்கும் இடம் உண்டு. சட்டமும் கணக்கும் இத்தொழிலில் நாளும் வேண்டப்படுவன. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுவரவோ, 5 கோடி நிகர இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிப் பதிவு வேண்டும். 2020இல் வந்த திருத்தத்துக்குப்பின் அப்பணம் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நெடுங்காலமாக 80ஜி என்று வழங்கிவந்த வரிச்சலுகை, ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது. இவற்றை அறியாமல் ஆர்வம் ஒன்றையே கொண்டு புகுவோர் தம் நிறுவனத்தைச் சங்கடத்தில் ஆழ்த்துவர்.

முதலாண்டில் நேரே நன்கொடை கேட்கப் போகாமல், புறநோயாளர் பகுதியில் அமர்ந்திருக்குமாறு அப்பெண்ணிடம் கூறினேன். எந்தப் பேருந்தில் வந்தார்கள், எத்தனை நாள் கூலியை இழந்தார்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது ஏன் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். நோயாளியின் பெயரும் படமும் அவர் இசைவின்றி வெளியே போகலாகாது. துயரத்தைக் காட்சிப்பொருளாக்கிப் பணம் பெறுவதும் ஒருவகை இம்சையே.

அவள் இப்போது ஒரு மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். ஊதியம் அவள் தமையன் கணிப்பொறித் துறையில் பெறுவதைவிடக் குறைவு. தந்தையார்க்கு இன்னும் முழு மனநிறைவு இல்லை. எனினும் சென்ற திங்கள் பொன்னூர் மலையில் கண்டபோது, அவள் பணிபுரியும் இடத்தில் நோயாளியோடு வரும் உறவினர் இரவில் எங்கே உறங்குகிறார்கள் என்று என்னிடம் விசாரித்தார். வராந்தாவில்தான் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, மகளிடமே கேளுங்கள் என்று சொல்லி வந்தேன்.