நமக்கு நாமே பேர் போட்டுக்கொள்வோம்

கூட்டு உடற்பயிற்சி வகுப்பு நின்றுபோகாமல் இருக்க ஒரு பாடம்



தோட்டத்தில் உடற்பயிற்சி வகுப்பு என்று ஒன்றை ஆரம்பித்தால் முதல் வாரம் களம் நிறைந்துவிடும். இரண்டாம் வாரம் பாதிப் பேர் வருவார்கள். மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொள்ளும். நாலாம் வாரம் சொல்லிக்கொடுக்க வந்தவரும் இன்னும் இரண்டு பேரும்தான் மிச்சம். கடைசியில், "நம்ம ஆளுங்களுக்கு ஆர்வம் இல்லீங்க" என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறோம். இது சரியா? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நமக்கு இது எதுக்கு?

"விடிஞ்சதுல இருந்து மலையில ஏறி எறங்குறோம். இதுக்கு மேல என்ன எக்சசைஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வேலையில் நடக்கும் நடையும் கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை ஓரளவு மூச்சு வாங்கும்படி உடலை அசைக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, தடுமாறி விழாமல் நிற்கப் பழக்கும் பயிற்சி வாரத்தில் 3 நாள் வேண்டும்.

கொழுந்து எடுக்கும் வேலையில் நடை கிடைக்கிறது. ஆனால் உடம்பு நாள் முழுவதும் ஒரே மாதிரித்தான் வளைகிறது. தலை குனிந்தபடி, கை இரண்டும் முன்னால், கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில். சாயங்காலம் கழுத்தும் தோளும் இடுப்பும் பிடித்துக்கொள்வது இதனால்தான். கூனிய தோளைப் பின்னுக்கு விரித்து, பிடித்த இடுப்பை மெதுவாக நிமிர்த்தி, கெண்டைக்காலை நீட்டிவிடுவது வேலையில் கிடைக்காத அசைவு.

எல்லாரும் மலைக்குப் போகிறவர்களும் அல்ல. மடவளை, வத்தேகம, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சேவைக்காலப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நாற்பது வருஷம் நடந்த கால் திடீரென்று நின்றுவிடுகிறது. சாப்பாடு மட்டும் பழையபடி சோறு, ரொட்டி, சீனி போட்ட தேத்தண்ணி. பிரஷரும் சீனி வருத்தமும் சத்தமில்லாமல் உள்ளே வருவது இப்படித்தான்.

ஆர்வம் எங்கிருந்து வருகிறது?

காலையில் பெரட்டுக்குப் போகும்போது, "இன்னைக்கு நமக்கு ஆர்வம் இருக்கா?" என்று யாராவது யோசிக்கிறோமா? இல்லை. நேரம் தெரியும், இடம் தெரியும், போகும் வழியில் பக்கத்து காம்பரா அக்கா கூப்பிடுவார், போனால் செக்ரோலில் பேர் விழும். கால் தானாக நடக்கிறது. பேருக்குச் சம்பளம் உண்டே என்பீர்கள். உண்மை. பயிற்சிக்குச் சம்பளம் இல்லை. அதனால்தான் மற்ற நான்கையும், அதாவது நேரம், இடம், துணை, பேர் என்பவற்றை, நாம் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்யவேண்டியிருக்கிறது.

வேறு நாட்டார் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் 1928 நவம்பர் முதலாம் திகதி வானொலியில் உடற்பயிற்சி நிகழ்ச்சி தொடங்கியது. போருக்குப் பின் சில காலம் நின்று, 1951இல் புது வடிவில் மறுபடி வந்தது. காலை 6.30 மணிக்குப் பியானோ இசை கேட்டதும் பூங்காக்களில் பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். முதல் தொகுதிப் பயிற்சிக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். கோடை விடுமுறையில் வரும் சிறுவர்கள் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். வந்த நாளுக்கு ஒரு முத்திரை. அந்த முத்திரைக்காகவே பிள்ளைகள் எழுந்து ஓடி வருவார்கள். அதுவும் ஒரு செக்ரோல்தானே!

நமக்குக் கிட்டிய கேரளத்திலும் ஓர் உதாரணம் உண்டு. மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் தொடங்கிய 'மெக் 7' என்ற காலைப் பயிற்சி, ஊர் ஊராகப் பரவியது. 21 பயிற்சிகள், ஏறக்குறைய 21 நிமிடம், கட்டணம் இல்லை. இரண்டு இடத்திலும் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: நேரம் குறைவு, இடம் கிட்ட, காசு இல்லை, கூட வருபவர் தெரிந்தவர்.

நாம் செய்யக்கூடியவை

1. நேரத்தை வருகிறவர்களே தீர்மானிக்கட்டும். காலை என்றால் பெரட்டுக்கு முன் அடுப்பு வேலை. மாலை என்றால் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். பெண்களைக் கேட்காமல் போட்ட நேரம் நிலைக்காது.

2. இடம் லயத்துக்குக் கிட்ட இருக்கட்டும். கண்டி வாவியைச் சுற்றி விடியற்காலையில் பலர் நடக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மடவளையிலிருந்து தினம் பஸ் ஏறிப் போய் நடக்க யாரால் முடியும்? மழைக்கு ஒதுங்க மண்டபமோ பிள்ளை மடுவமோ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஜோடி போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் போய்க் கதவைத் தட்டவேண்டும். "ஏன் வரல்ல?" என்று குறைசொல்லக் கூடாது. "ஒடம்புக்கு என்ன?" என்று விசாரித்தால் போதும்.

4. சின்னதாகத் தொடங்குங்கள். முதல் மாதம் வாரம் 3 நாள், 15 நிமிடம். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு போதும். முதல் நாளே மூச்சு முட்டினால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

5. பேர் போடுங்கள். சுவரில் ஓர் அட்டை, அதில் எல்லாருடைய பெயரும். வந்தவர் தாமே அடையாளம் போடட்டும். யார் அதிகம் என்ற போட்டி வேண்டாம். போன மாதத்தைவிட நமக்கு எத்தனை கூடியது என்று பார்த்தால் போதும்.

ஒரு நாள் விட்டுப்போனால்?

பலர் நின்றுபோவது இங்கேதான். ஒரு கல்யாண வீடு, ஒரு காய்ச்சல், இரண்டு நாள் போகவில்லை. பிறகு போக வெட்கம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் அச்சானது. ஒரு புதிய காரியம் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனதாம். சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. ஆகவே விட்ட நாளை நினைத்து வெட்கப்படாமல், அடுத்த வகுப்புக்கு வந்துவிடுங்கள். வருகிறவரைக் கேலி செய்யாமல் வரிசையில் இடம் கொடுப்பது மற்றவர்களின் கடமை.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

அம்மா பயிற்சிக்குப் போகவேண்டுமானால் அந்தப் பதினைந்து நிமிடம் அடுப்பை யார் பார்ப்பது? தண்ணி யார் எடுப்பது? அப்பாவும் பெரிய பிள்ளைகளும் கை கொடுத்தால்தான் முடியும். மலையிலும் வீட்டிலும் இரண்டு வேலை பார்க்கும் பெண்ணிடம் 'ஆர்வம் இல்லை' என்று சொல்வது அநியாயம். அவருக்கு இல்லாதது நேரம்.

கவனிக்கவேண்டியவை

நெஞ்சுவலி, தலைச்சுற்று, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி வைத்திய உதவி தேடுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யவேண்டாம். கர்ப்பிணித் தாய்மார் மருத்துவிச்சி அம்மாவைக் கேட்டுவிட்டு வாருங்கள். அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் ஏற்படுத்தப்பட்ட ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் நிறை, பிரஷர், சீனி ஆகியவற்றை இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். வகுப்பு தொடங்கும் முன் எல்லாருமாகச் சேர்ந்து ஒருமுறை போய் வருவது நல்லது.

சேர்ந்து பேசிப் பார்க்க

1. நமது லயத்தில் எல்லாருக்கும் ஒத்துவரும் 15 நிமிடம் எது?
2. முன்பு வந்து நின்றுபோனவர் யார்? ஏன் நின்றார் என்று கேட்டோமா?
3. வீட்டில் யாருடைய வேலையை யார் பகிர்ந்துகொள்ளலாம்?

துரைமார் போடும் பேருக்குச் சம்பளம் கிடைக்கிறது. நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் பேருக்கு, அறுபது வயதிலும் படி ஏறும் கால் கிடைக்கும். அட்டையை இந்த வாரமே எழுதித் தொங்கவிடுங்கள்.