வீட்டுச் சுவரிற் கறையான்: கண்டறிதலும் தடுத்தலும்

திருகோணமலை மாவட்டத்திலே, மூதூருக்கும் சம்பூருக்கும் இடையிலுள்ள கட்டைபறிச்சான் போன்ற ஊர்களிற் கமக்காரரின் வீடே அவருடைய களஞ்சியமும் ஆகும். விதைநெல், சாக்கு, மண்வெட்டிப் பிடி, காணி உறுதி ஆகிய யாவும் அங்கேயே இருக்கின்றன. கறையான் மரத்தின் மேற்பரப்பை விட்டுவிட்டு உள்ளே தின்பதால், கதவு நிலை பொடியாகும்வரை சேதம் புலப்படுவதில்லை. சாக்கை அது தின்றால், நெல்லில் மண்ணும் ஈரமும் ஏறி விதையின் முளைப்புத்திறன் கெடும். ஆளில்லா வீட்டில் இச்சேதம் மிகுதி. 2006 ஆம் ஆண்டுப் போரினால் மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது பல வீடுகள் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்தன. அவ்வாறு கிடந்த வீட்டைத் திருத்துமுன் மரங்களைச் சோதித்தல் இன்றியமையாதது.

கறையானின் இருப்பிடம்

கறையானின் கூடு பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கின்றது. சுவர் அதற்கு வழி மாத்திரமே. வேலைக்காரக் கறையானின் உடல் மென்மையானது. வெயிலும் உலர்காற்றும் பட்டால் விரைவில் வாடி இறக்கும். ஆகவே அது மண்ணாற் குழாய் அமைத்து, அதனுள் ஈரத்தைக் காத்துக்கொண்டு மேலேறுகின்றது. சீமெந்துச் சுவரும் தடையன்று. மெல்லிய வெடிப்பு ஒன்றே அதற்குப் போதும். கூரை ஒழுக்காலோ கழிவுநீராலோ சுவர் ஓயாது நனையுமாயின், சிலவகைக் கறையான் சுவருக்குள்ளேயே கூடமைப்பதும் உண்டு.

கண்டறியும் முறை

1. சுவரும் நிலமும் கூடும் இடம், கதவு நிலையின் அடி, கூரைவளை சுவரிற் பதியும் இடம், அலுமாரியின் பின்புறம் ஆகியவற்றை விளக்கொளியிற் பார்க்க வேண்டும். பென்சிற் பருமனான மண்குழாய் தென்படின் அது கறையானின் வழியாகும்.

2. மரத்தைச் சுத்தியற் பிடியாற் தட்டினால், உட்புறம் தின்னப்பட்ட இடம் பொள்ளல் ஓசை தரும். அங்கே கூரான ஆணி எளிதில் இறங்கும்.

3. மண்குழாயில் ஒரு விரல் நீளத்தை உடைத்துவிட்டு, இரண்டு மூன்று நாட்களின் பின் பார்க்க வேண்டும். மீண்டும் மண் பூசப்பட்டிருப்பின் கறையான் இயங்குகின்றது. பூசப்படாவிடினும் அது வேறு வழியாற் செல்லக்கூடும், சோதனையைக் கைவிடலாகாது.

4. முதல் மழையின் பின் வீட்டினுள் ஈசல் புறப்பட்டாலோ, உதிர்ந்த இறகுகள் குவிந்திருந்தாலோ கூடு அருகில் உளது. ஈசலின் நான்கு இறகுகளும் ஒரே நீளமுடையன. இறகுள்ள எறும்புக்கோ முன்னிறகு நீண்டும் இடை ஒடுங்கியும் இருக்கும்.

பரிகாரம்

குழாயைச் சுரண்டுவதால் மட்டும் பயனில்லை. மண்ணுக்கும் மரத்துக்கும் உள்ள தொடர்பை அறுத்தல் வேண்டும். விறகு, வைக்கோல், பழைய கிடுகு ஆகியவற்றைச் சுவரோடு சேர்த்து அடுக்கலாகாது. வீட்டருகே மண்ணிற் புதைந்த மரக்குற்றிகளைத் தோண்டி அகற்றுக. கூரை ஒழுக்கை அடைத்து, சமையலறைக் கழிவுநீரைச் சுவருக்கு அப்பாற் செலுத்துக. நெல் மூடைகளை நிலத்திலிருந்து அரையடி உயரமான பலகைமேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கினால், மூடைகளின் பின்புறத்தையும் பார்வையிடலாம். பழுதான மரத்தை மாற்றும்போது வைரமேறிய முதிரை, பாலை, முற்றிய பனை ஆகியன உகந்தன. இவற்றிலும் வெளிறான பகுதி தின்னப்படும்.

நஞ்சு பற்றிய எச்சரிக்கை

1950களிலும் 1960களிலும் கறையானுக்கு டீல்ட்ரின், ஆல்ட்ரின், குளோர்டேன் ஆகியன பல நாடுகளிற் பயன்பட்டன. இவை மண்ணிலும் மனித உடலிலும் நெடுங்காலம் தங்குவதால், 2001 ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்பட வேண்டியவையாகச் சேர்க்கப்பட்டன. பழைய நூல்களில் இவற்றைக் கண்டு எவரும் தேடலாகாது.

வயலுக்கு வாங்கிய மருந்தில் மிஞ்சியதைச் சுவர் வெடிப்பில் ஊற்றுதல் பெருந்தவறு. நெல்லும் குழந்தைகளும் இருக்கும் அறையில் அந்நஞ்சின் ஆவி தங்கும். கடலோர மணல் நிலத்தில் ஊற்றிய நஞ்சோ எளிதிற் கிணற்றை அடையும். கழிவு எண்ணெயும் அவ்வாறே. வீட்டு அத்திவாரத்தைச் சூழ மண்ணுக்கு மருந்திடுதல் அவசியமாயின், 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இத்தேவைக்கெனப் பதிவுபெற்ற மருந்தையே, பயிற்சி பெற்றவரைக் கொண்டு இடுவிக்க வேண்டும். கிணற்றின் தூரத்தை அவருக்கு முன்னரே அறிவித்தல் கடமை. மருந்திட்ட பின்னரே வெடிப்புகளை அடைத்தல் வேண்டும்.

சோதிக்கும் காலம்

ஆண்டுக்கு இருமுறை சோதித்தல் போதுமானது: மாரிமழைக்கு முன் புரட்டாதியில் ஒருமுறை, பெரும்போக நெல் வீட்டுக்கு வருமுன் தை மாதத்தில் மற்றொருமுறை. வயலிலுள்ள புற்றுகளை எல்லாம் இதற்காக அழிக்க வேண்டியதில்லை. அங்கே கறையான் உலர்ந்த தாளையும் சருகையும் மக்கச்செய்து மண்ணுக்கு உதவுகின்றது. வீட்டுச் சுவரில் ஈரமும், மண்ணைத் தொடும் மரமும் இல்லாதவாறு காக்கும் கமக்காரர் நஞ்சுக்குச் செலவிடும் தேவை பெரிதும் குறையும்.