பாவைத் தொடரும் சுவைஞர் நெஞ்சமும்

ஒரு கலைப்படைப்பின் ஆயுளை முடிவு செய்வது சந்தையா, சுவைஞரா? இவ்வினாவிற்கு இங்கிலாந்தின் 'தண்டர்பேர்ட்ஸ்' என்னும் தொலைக்காட்சிப் பாவைத் தொடரின் வரலாறு விடை தருவதை நாம் காண்கிறோம்.

ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் இணையர் ஸ்லவ் நகரில் உருவாக்கிய இத்தொடர் 1965இல் ஒளிபரப்பாயிற்று. பாவையின் தலையினுள் பொருத்திய மின்காந்தக் கருவி, பதிவு செய்த குரலுக்கேற்ப உதட்டை அசைத்தது. கம்பியில் தொங்கும் பாவைக்கு இயல்பான நடை வாய்க்கவில்லை. ஆகவே விண்கலங்களும் மீட்பு ஊர்திகளும் கதையில் முதன்மை பெற்றன. குறையே தொடரின் தனியழகாயிற்று.

முதற்கதையைக் கண்டு வியந்த முதலீட்டாளர் லூ கிரேட், 25 நிமிடக் கதைகளை 50 நிமிடமாக நீட்டச் செய்தார். ஆயினும் அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் தொடரை வாங்க முன்வரவில்லை. 32 கதைகளோடு, 1966இல் தயாரிப்பு நின்றது.

பின்னர் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. 1991இல் பி.பி.சி. மறுஒளிபரப்புச் செய்ய, புதிய தலைமுறைச் சிறுவர் அதில் உள்ளம் பறிகொடுத்தனர். 1992 கிறிஸ்துமஸ் காலத்தில் 'டிரேசி தீவு' பொம்மை கடைகளில் கிட்டாமற்போகவே, 'புளூ பீட்டர்' நிகழ்ச்சி அதனை வீட்டிலேயே செய்யும் முறையைக் கற்பித்தது. 50ஆம் ஆண்டாகிய 2015இல் அன்பர்கள் பணம் திரட்டி, 1960களின் இசைத்தட்டுக் குரல்களைக் கொண்டு, பழைய முறையிலேயே மூன்று புதிய கதைகளை எடுக்கத் துணைநின்றனர்.

சந்தை கைவிட்டதைச் சுவைஞர் காத்தனர். எனவே, கலையை ஆராயும் மாணவர் விற்பனைக் கணக்கோடு நின்றுவிடாது, மக்கள் நினைவையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.